பள்ளி முடிந்த பிறகு என்ன? மாற்றுத்திறனாளி மாணவர்களின் வேலைவாய்ப்பு பற்றிப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

திருச்சி மாவட்டத்தில் அரசுப் பள்ளிகளுக்குச் சென்றுவரும் சிறப்பாசிரியராகப் பதினேழு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். பெற்றோர் கூட்டம் நடக்கும்போது யாரும் அதிகம் பேசுவதில்லை. கூட்டம் முடிந்து, வாசலில் செருப்பை மாட்டும்போதுதான் "டீச்சர், ஒன்று கேட்கலாமா?" என்று தொடங்குவார்கள். அப்படி வாசலில் கேட்ட கேள்விகளைத்தான் அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

பையனுக்கு இப்போதுதான் 14 வயது. அதற்குள் வேலையைப் பற்றி யோசிக்க வேண்டுமா?

வேண்டும். பிளஸ் டூ முடிவு வந்த பிறகு யோசிக்கத் தொடங்கும் வீடுகளில் பிள்ளை இரண்டு மூன்று வருடம் சும்மா உட்கார்ந்துவிடுவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பள்ளி இருக்கும்வரை காலையில் எழ, குளிக்க, நான்கு பேரைப் பார்க்க ஒரு காரணம் இருக்கிறது. அது நின்றதும், பத்து வருடம் பாடுபட்டுக் கற்றுக்கொண்ட பழக்கங்கள் ஆறே மாதத்தில் கழன்றுவிடுகின்றன.

14 வயதில் எந்த வேலை என்று முடிவெடுக்கச் சொல்லவில்லை. கவனித்து ஒரு நோட்டில் எழுதுங்கள். எவ்வளவு நேரம் ஒரே இடத்தில் உட்காருகிறான், சத்தம் பிடிக்கிறதா, புது ஆளிடம் முகம் கொடுத்துப் பேசுகிறானா, எந்த வேலையைச் சொல்லாமலே செய்கிறான் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். ஓர் அம்மா இப்படி எழுதியிருந்தார்: "வெங்காயம் உரிக்கச் சொன்னால் எழுந்து போகிறான். துணி மடிக்க உட்கார்ந்தால் கடைசித் துணிவரை எழுவதில்லை." அந்த ஒரு வரிதான் பிறகு அவனை ஒரு மருத்துவமனையின் துணி அறைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அறிவுசார் குறைபாடு உள்ள பையன் அவன். படுக்கை விரிப்பின் நான்கு மூலையும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராவிட்டால் பிரித்து மறுபடி மடிப்பான்.

முதலில் எந்தச் சான்றிதழ் வாங்க வேண்டும்?

மருத்துவச் சான்றும் யு.டி.ஐ.டி. எனப்படும் தனித்துவ அடையாள அட்டையும் அடிப்படை. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரித்தால் மருத்துவ முகாம் நாளைச் சொல்வார்கள். அட்டையில் உள்ள வண்ணக்கோடு குறைபாட்டின் அளவைக் காட்டும்: 40 சதவீதத்துக்குக் கீழ் வெள்ளை, 40 முதல் 80க்குள் மஞ்சள், 80உம் அதற்கு மேலும் நீலம்.

பெயர் விஷயத்தில் மிகக் கவனமாக இருங்கள். ஆதாரில் தலைப்பெழுத்து பின்னால், பள்ளிச் சான்றிதழில் முன்னால், அடையாள அட்டையில் அப்பா பெயர் முழுமையாக என்று மூன்று விதமாக இருந்தால், வேலை கைக்கு வரும் நேரத்தில் சான்றிதழ் சரிபார்ப்பில் கண்ணீர் விட நேரும். பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியல் போவதற்கு முன்பே எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடுங்கள். கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகள் 14 வயதிலும் 18 வயதிலும் மறு மதிப்பீட்டுக்குப் போக வேண்டும். 18 வயதில் தரும் சான்றே வாழ்நாள் முழுவதற்கும் செல்லும். அதைத் தவறவிட்டவர்கள் பலர்.

பத்தாம் வகுப்பு முடித்ததும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்து, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பியுங்கள். புதுப்பிக்கும் மாதத்தை வீட்டு நாட்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள்.

35 சதவீதம் என்று போட்டுவிட்டார்கள். எங்களுக்கு ஒன்றுமே கிடையாதா?

இட ஒதுக்கீட்டுக்கு 40 சதவீதம் தேவை. ஆனால் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இரண்டு வகையினரைப் பற்றிப் பேசுகிறது: 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ளவர்கள் ஒரு வகை, நீண்டகாலக் குறைபாட்டால் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கேற்க முடியாமல் தடைபடும் எல்லோரும் இன்னொரு வகை. பாகுபாடு காட்டக் கூடாது, தேவையான மாற்று வசதி செய்துதர வேண்டும் என்பவை இரண்டாவது வகையினருக்கும் பொருந்தும்.

இதை உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் தெளிவாகச் சொன்னது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நோய் உள்ள ஒரு குடிமைப் பணித் தேர்வர், சொல்வதை எழுதுபவர் வேண்டும் என்று கேட்ட வழக்கு அது. 40 சதவீதம் இல்லை என்பதற்காக அவருக்கு அதை மறுக்க முடியாது என்று தீர்ப்பு வந்தது. இன்னொன்று: உங்கள் பிள்ளைக்குப் போட்ட சதவீதமே தவறு என்று தோன்றினால் மேல்முறையீடு செய்யலாம். சட்டத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது.

வீட்டில் நாங்கள் என்ன சொல்லித் தர முடியும்? நாங்கள் படித்தவர்கள் இல்லையே.

வேலைக்கு வைப்பவர்கள் என்னிடம் குறை சொல்வது பெரும்பாலும் திறமையைப் பற்றி இல்லை. நேரத்துக்கு வருவதில்லை, வராத நாளில் சொல்வதில்லை, சாப்பாட்டு வேளை முடிந்தது தெரிவதில்லை, புரியாவிட்டால் கேட்பதில்லை. இவை எல்லாமே வீட்டுப் பாடங்கள்.

அலாரம் வைத்துத் தானே எழுவது, தன் டிபன் பாக்ஸைத் தானே கழுவுவது, கடையில் 100 ரூபாய் நோட்டைக் கொடுத்து மீதியை எண்ணி வாங்குவது. இவற்றில் தொடங்குங்கள். கூடவே ஒரு வாக்கியத்தைப் பழக்குங்கள்: "எனக்குப் புரியவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள்." பேச்சு வராத பிள்ளைக்கு அதையே ஓர் அட்டையில் எழுதிக் கொடுங்கள். பாசத்தால் எல்லாவற்றையும் நாமே செய்துகொடுத்துவிடுகிறோம். ஒரு பையனுக்கு 19 வயதுவரை அவன் பாட்டிதான் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டார். அவனுக்குப் பொத்தான் போட வரும். யாரும் காத்திருந்ததில்லை, அவ்வளவுதான்.

தனியாக பஸ்ஸில் அனுப்பப் பயமாக இருக்கிறது. கொண்டுபோய் விட்டுக் கூட்டிவந்தால் போதாதா?

உங்களால் எத்தனை வருடம் முடியும்? வீட்டு வாசலிலிருந்து வேலை இடம்வரை போய்வரத் தெரியாததாலேயே கையில் இருந்த வேலையை விட்டவர்களை எனக்குத் தெரியும். ஆகவே இந்தப் பதிலைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

லால்குடிப் பக்கத்து மாணவன் ஒருவனுக்குச் சத்திரம் பேருந்து நிலையம் போய்த் திரும்பக் கற்றுக்கொடுக்க நான்கு மாதம் ஆனது. அவனுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வராது. ஆனால் 'லால்குடி' என்ற சொல்லின் உருவத்தை ஒரு படம்போல அடையாளம் காண்பான். அந்தச் சொல்லை அதே அளவில், அதே நிறத்தில் எழுதிய அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பேருந்து நிலையத்தில் நின்று பழகினோம். முதலில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு இரண்டு இருக்கை தள்ளி. பிறகு அதே பஸ்ஸின் கடைசி இருக்கையில், முந்தானையால் தலையை மூடிக்கொண்டு. பிறகு அம்மா ஏறவில்லை, மாமா அந்தப் பக்கம் நிறுத்தத்தில் காத்திருந்தார். கடைசியில் யாரும் காத்திருக்கவில்லை.

தவறு நடந்தால் என்ன செய்வது என்பதையும் பழக்கினோம். ஒருநாள் திருவிழாவுக்காகப் பாதையை மாற்றிவிட்டார்கள், பஸ் வேறொரு தெருவில் நின்றது. அவன் இறங்கி, எங்கும் ஓடாமல், பூக்கடை அம்மாவிடம் சட்டைப் பையிலிருந்த தொலைபேசி எண் அட்டையை நீட்டினான். 'பயந்தால் கடை வைத்திருப்பவரிடம் போ, நடந்துபோகிறவரிடம் போகாதே' என்று நாங்கள் பழக்கியதை அப்படியே செய்தான். அன்றைக்கு அவன் அம்மா போனில் அழுததைக் கேட்டவள் நான். இன்று அவன் தினமும் அந்த வழியில்தான் வேலைக்குப் போகிறான்.

மேலே படிக்க வைப்பதா, தொழில் கற்றுக்கொடுப்பதா?

படிக்க முடிந்த பிள்ளையைப் படிப்பிலிருந்து எடுக்காதீர்கள். அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடங்கள் ஒதுக்க வேண்டும், சேர்க்கை வயதில் ஐந்தாண்டு தளர்வு தர வேண்டும் என்பது சட்டம். காது கேளாத மாணவர்களுக்கென்றே சென்னை மாநிலக் கல்லூரியில் பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகள் நடக்கின்றன. பொதுத் தேர்வு எழுதத் திணறும் பிள்ளைகள் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் தங்களுக்கு ஏற்ற பாடங்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றாக எழுதி முடிக்கலாம்.

மொழிப்பாட விலக்கு பற்றி ஒரு வார்த்தை. தேவைப்படும் பிள்ளைக்கு அது நியாயமான சலுகை, வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் தேர்வில் விலக்கு கிடைத்துவிட்டது என்பதற்காக அந்த மொழியையே விட்டுவிட வேண்டாம். ஆங்கிலத்தில் தன் பெயர், முகவரி, ஒரு சிறு மின்னஞ்சல் எழுதத் தெரியாமல் அலுவலக வேலையில் தடுமாறுகிறார்கள்.

மெழுகுவத்தி, பேப்பர் கவர், பாக்குமட்டைத் தட்டு. இவற்றைத் தவிர வேறு தொழிலே இல்லையா?

இந்தக் கேள்வியைக் கேட்ட அப்பாவைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. அந்தத் தொழில்களில் இழிவு ஒன்றும் இல்லை. பிள்ளைக்கு எது வரும் என்று பார்க்காமல், பயிற்சி மையத்தில் எந்த இயந்திரம் இருக்கிறதோ அதில் உட்கார வைப்பதுதான் தவறு.

முதலில் சொன்ன நோட்டை எடுத்துக்கொண்டு உங்கள் ஊர்க் கடைத்தெருவில் ஒரு நடை நடந்து பாருங்கள். மருந்துக்கடையில் பெட்டிகளை அடுக்கி, காலாவதித் தேதி பார்க்கும் வேலை இருக்கிறது. ஜெராக்ஸ் கடை, நாற்றங்கால், நூலகம், பேக்கரியின் பின்கட்டு, சூப்பர் மார்க்கெட் கிடங்கு என்று எத்தனையோ இடங்கள். கோடை விடுமுறையில் இரண்டு இடத்தில் தினமும் இரண்டு மணி நேரம் நிற்க வையுங்கள். பிடிக்காதது எது என்று தெரிந்தாலும் லாபம்தான்.

முறையான மதிப்பீடு வேண்டுமென்றால் சென்னை கிண்டியில் மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய வேலைவாய்ப்புச் சேவை மையம் இருக்கிறது. பல்வகைக் குறைபாடு, அதாவது ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு சேர்ந்து உள்ளவர்களுக்கு, சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் தேசிய நிறுவனம் இருக்கிறது. தென்காசிப் பக்கம் உள்ளவர்களுக்கு, மாற்றுத்திறனாளிகளுக்காகவே இயங்கும் ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தைத் தெரியாமல் இருக்காது.

அரசு வேலையில் 4 சதவீதம் என்கிறார்களே, அது எப்படிப் பிரிகிறது?

பார்வைக் குறைபாட்டுக்கு 1, செவிக் குறைபாட்டுக்கு 1, கை கால் இயக்கக் குறைபாட்டுக்கு 1. மூளை முடக்குவாதம், தசைச் சிதைவு, உயரம் குன்றியவர்கள், தொழுநோயிலிருந்து குணமானவர்கள், அமில வீச்சுக்கு ஆளானவர்கள் இந்த மூன்றாவது பிரிவில் வருவார்கள். நான்காவது 1 சதவீதம் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் ஆகியவற்றுக்கும் பல்வகைக் குறைபாட்டுக்கும். 2016 சட்டத்துக்கு முன்பு இந்த நான்காவது பிரிவினருக்கு ஒதுக்கீடே கிடையாது.

எந்தப் பதவி யாருக்கு ஏற்றது என்று ஒரு பட்டியல் உண்டு. மத்திய அரசு 2021 ஜனவரியில் வெளியிட்ட பட்டியலில் 3566 பதவிகள் இருக்கின்றன. விண்ணப்பிக்கும் முன் அறிவிக்கையில் உங்கள் பிள்ளையின் குறைபாட்டு வகை அந்தப் பதவிக்கு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். இதைப் பார்க்காமல் ஒரு வருடம் படித்துவிட்டு வருந்தியவர்கள் உண்டு.

பட்டியல் மாறாத ஒன்று இல்லை. முற்றிலும் பார்வையற்ற ஒருவர் இந்திய வெளியுறவுப் பணிக்குப் போக முடியாது என்றிருந்த நிலையை 2015இல் மாற்றியவர் சென்னையைச் சேர்ந்த பெனோ செஃபைன். பார்வையற்றவர்களை நீதிபதிப் பணித் தேர்விலிருந்து ஒதுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் தீர்ப்பளித்தது.

சொல்வதை எழுதுபவர் தருகிறார்கள். அப்படியும் மதிப்பெண் குறைகிறதே, ஏன்?

பழக்கம் இல்லாததால். மனதில் உள்ளதை இன்னொருவர் கைவழியாக எழுதுவது தனிக் கலை. எங்கே பத்தி பிரிய வேண்டும், எந்தச் சொல்லுக்கு அடிக்கோடு, கணக்கில் எந்த எண் மேலே எது கீழே என்று வாயால் சொல்லத் தெரிய வேண்டும். ஒன்பதாம் வகுப்பிலிருந்தே மாதம் ஒரு தேர்வாவது முன்பின் அறியாத ஒருவரை எழுத வைத்துப் பழக்குங்கள். எப்போதும் அக்காவே எழுதினால், அக்கா பாதி சொல்லும்போதே மீதியைப் புரிந்துகொள்வாள். தேர்வறையில் அது நடக்காது.

போட்டித் தேர்வுகளில் மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் உண்டு. விண்ணப்பப் படிவத்திலேயே அதற்கான கட்டத்தில் குறியிட வேண்டும், தேர்வு நாளில் போய்க் கேட்டால் கிடைக்காது. பார்வையற்ற பிள்ளைகளுக்கு இன்னொரு வழியும் பழக்குங்கள்: திரையை வாசித்துச் சொல்லும் என்.வி.டி.ஏ. மென்பொருள் இலவசம், தமிழையும் வாசிக்கும். தேர்வுக்கு மட்டுமல்ல, அலுவலக வேலைக்கும் அதுதான் கைகொடுக்கும்.

தனியார் கம்பெனிகள் எடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா?

இல்லை. தனியாருக்குக் கட்டாய ஒதுக்கீடு கிடையாது. ஆனால் 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனம் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிட வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற வேலைகள், செய்துதரும் வசதிகள், தொடர்புக்கு ஓர் அலுவலர் எல்லாம் அதில் இருக்க வேண்டும். "உங்கள் சம வாய்ப்புக் கொள்கையைப் பார்க்கலாமா?" என்று பணிவாகக் கேளுங்கள். கேட்டதுமே பேச்சின் தொனி மாறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

நேர்காணலில் குறைபாட்டைப் பற்றி நாமாகச் சொல்லலாமா, மறைக்கலாமா?

கண்ணுக்குத் தெரியும் குறைபாட்டை நாமே முதலில் பேசிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் எதிரே இருப்பவர் அதையே நினைத்துக்கொண்டு வேறெதையும் கேட்கமாட்டார். நோயின் வரலாறு தேவையில்லை. என்ன முடியும், எப்படிச் செய்வேன், என்ன வசதி வேண்டும் என்று மூன்று வாக்கியம் போதும்.

மூளை முடக்குவாதம் உள்ள எங்கள் மாணவி ஒருத்தி ஒரு கைதான் பயன்படுத்துவாள். "இரண்டு விசையைச் சேர்த்து அழுத்த வேண்டுமே, எப்படித் தட்டச்சு செய்வாய்?" என்று கேட்டார்கள். "கணினியைக் கொடுங்கள், காட்டுகிறேன்" என்றாள். விசைகளை ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தினாலே போதும் என்றாக்கும் அமைப்பு கணினிக்குள்ளேயே இருக்கிறது. அதை இயக்கிவிட்டு அவர்கள் கண்ணெதிரே ஒரு கடிதம் அடித்துக் கொடுத்தாள். கேட்ட வசதி ஒன்றே ஒன்று: மேசை இரண்டு அங்குலம் தாழ்வாக இருக்க வேண்டும். வேலை கிடைத்தது.

வெளியே தெரியாத மனநோய், வலிப்பு போன்றவற்றை எப்போது சொல்வது என்பது பிள்ளையின் முடிவு. ஆனால் இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கும் வேலையாக இருந்தால் வலிப்பை மறைக்காதீர்கள். அது உயிர் விஷயம்.

வேலைக்குப் போய் மூன்றே மாதத்தில் திரும்பி வந்துவிட்டான். இனி எப்படி?

இதைத் தோல்வி என்று வீட்டில் யாரும் வாய் தவறியும் சொல்ல வேண்டாம். என்ன நடந்தது என்று மட்டும் விசாரியுங்கள். ஆட்டிசம் உள்ள ஒருவன் கிடங்கு வேலையை விட்டு வந்தான். போய்ப் பார்த்தேன். பழைய மேற்பார்வையாளர் மாறியிருந்தார். புதியவர், "அதை முடித்துவிட்டு, லாரி வந்ததா பார்த்து, வந்தால் இதை ஏற்று, வராவிட்டால் அங்கேயே வை" என்று ஒரே மூச்சில் சொல்கிறவர். இவன் நடுவில் குழம்பி, காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான். வேலைகளை நான்கு படமாக ஓர் அட்டையில் ஒட்டி, முடிந்ததைத் திருப்பி வைக்கப் பழக்கினோம். புதியவரிடமும் அரை மணி நேரம் பேசினேன். மறுபடி எடுத்துக்கொண்டார்கள்.

வேலையில் சேரும்போதே, முதல் சில வாரம் சிறப்பாசிரியரோ பயிற்சி மையத்துக்காரரோ கூட நின்று கற்றுத்தர அனுமதி கேளுங்கள். மேற்பார்வையாளர் மாறினால் நமக்கு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள்.

பயிற்சி என்று சொல்லி ஒரு வருடமாகச் சம்பளமே தரவில்லை. கேட்டால் வேலை போய்விடுமோ என்று பயம்.

பயிற்சிக்குத் தொடக்கமும் முடிவும் இருக்க வேண்டும். எத்தனை மாதம், அதன்பின் எவ்வளவு என்று முதல் நாளே எழுத்தில் வாங்குங்கள். பக்கத்து மேசைக்காரர் செய்யும் அதே வேலையைப் பிள்ளை செய்கிறான் என்றால் அது பயிற்சி இல்லை. சம்பளம் பிள்ளையின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் வர வேண்டும். 'சும்மா இருப்பதற்கு இது மேல்' என்று நாமே சொல்லிக்கொள்வதை நிறுத்துவோம்.

18 வயதாகிவிட்டது. அவனுக்குப் பதில் நான்தானே கையெழுத்துப் போட வேண்டும்?

தானாக அந்த உரிமை வராது. 18 முடிந்ததும் சட்டப்படி அவன் தனி மனிதன். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியரை உள்ளடக்கிய குழுவிடம் விண்ணப்பித்துப் பாதுகாவலர் நியமனம் பெறலாம்.

ஆனால் அவசரப்பட்டு எல்லாவற்றுக்கும் பாதுகாவலராக வேண்டாம். சரியாக விளக்கினால் தானே கையெழுத்திடக்கூடிய பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். பஸ் விஷயத்தில் சொன்னதுபோல ஒவ்வொரு படியாக விலகுங்கள். வங்கிக்கு அவனையும் அழைத்துச் செல்லுங்கள், படிவத்தை அவன் கையில் கொடுங்கள்.

பெண்பிள்ளை. பேச்சும் வராது. வெளியே அனுப்பினால் யாராவது ஏதாவது செய்துவிட்டால்?

இந்தப் பயம் நியாயமானது. அதை லேசாகப் பேச மாட்டேன். ஆனால் வீட்டுக்குள் பூட்டி வைத்த பிள்ளைக்கும் ஆபத்து வருகிறது, அதைச் சொல்லத் தெரியாமல் வருகிறது. உடலின் ஒவ்வொரு உறுப்புக்கும் பெயரோ சைகையோ தெரிந்திருக்க வேண்டும். 'வேண்டாம்' என்பதை உரக்கக் காட்டப் பழக வேண்டும். நடந்ததைச் சொல்ல வீட்டில் ஒருவருக்காவது அவளுடைய சைகை மொழி தெரிய வேண்டும். மகள் ஐந்து வயதிலிருந்து சைகையில் பேசுகிறாள், அப்பாவுக்கு இன்றுவரை பத்துச் சைகைகூடத் தெரியாது என்ற வீடுகளைப் பார்க்கும்போதுதான் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

வேலை இடத்தில் பெண்கள் எத்தனை பேர், கழிப்பறை எங்கே, இரவுப் பணி உண்டா, பாலியல் புகாருக்கான உள்ளகக் குழு இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள்.

என் மகளால் நடக்கவோ பேசவோ முடியாது. அவளுக்கும் வேலை என்று சொல்கிறீர்களா?

எல்லோரும் மாதச் சம்பளத்துக்குப் போய்விடுவார்கள் என்று நான் சொல்லமாட்டேன். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாநில அரசு மாதம் 2000 ரூபாய் பராமரிப்புத் தொகை தருகிறது, விண்ணப்பியுங்கள். அதோடு அவள் நாளில் அவளுக்கென்று ஒரு வேலை இருக்கட்டும்.

மணப்பாறைப் பக்கம் டிபன் கடை நடத்தும் ஒரு குடும்பம். மகளுக்கு வலது கை மட்டும் மேலும் கீழும் அசையும். பார்சல் கவர்களில் கடை முத்திரை குத்தும் வேலையை அவளுக்குக் கொடுத்தார்கள். கவர் நழுவாமல் இருக்க அவள் அண்ணன் ஒரு மரச்சட்டம் செய்து சக்கர நாற்காலியின் பலகையில் பொருத்தினான். முத்திரைக் கட்டையின் பிடியில் சைக்கிள் டியூபைச் சுற்றித் தடிமனாக்கினான். தொடக்கத்தில் ஒரு நாளைக்குப் பத்துக் கவர். இப்போது கடைக்கு வேண்டியது முழுவதும் அவள் கைதான். காலை 6 மணிக்கு மைப்பெட்டி தன் முன்னால் வராவிட்டால் பலகையைத் தட்டித் தட்டி வீட்டையே எழுப்பிவிடுகிறாள்.